கொஞ்சம் முன்னால நில்லுங்க முதலாளி

தர்மராஜ் காலையில் போட்டுக்கொண்டு போகும் வெள்ளைச் சட்டை சாயங்காலம் திரும்பும்போது முன்பக்கம் மட்டும்தான் வெள்ளையாக இருக்கும். முதுகு முழுக்க கிரீஸும் மண்ணும். வருஷாவருஷம் எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுக்கு வரும் லாரிகளின் அடியில் சாக்கை விரித்து மல்லாந்து படுத்துப் பார்ப்பது அவர் வழக்கம். மற்ற பிரேக் இன்ஸ்பெக்டர்கள் குனிந்து பார்த்தாலே பெரிய விஷயம்.

"சம்பளம் கவர்மெண்டு குடுக்குது. மண்ணெண்ணெய் யாரு குடுப்பா?" என்று ரங்கநாயகி துவைக்கிற கல்லருகே நின்று கேட்பாள். அந்தக் கறை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தால்தான் போகும். தேய்ப்பதும் அவள்தான், வேறு யாரையும் தொட விடமாட்டாள்.

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் போகிற வழியில் வாடகை வீடு. அங்கிருந்து சைக்கிளில் காவிரிப் பாலம் தாண்டி, கண்டோன்மெண்ட் பக்கத்து மைதானத்துக்குப் போவார். இது அறுபதாம் வருஷத்து வாக்கில். இஞ்சினில் வெட்டியிருக்கும் எண்ணின் மேல் சாக்பீஸைத் தேய்ப்பார். தெளிந்து வரும் எண்ணை ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிடுவார். விளக்கு, ஹாரன், டயர் எல்லாம் பார்ப்பார். கடைசியாக, எந்தச் சட்டத்திலும் இல்லாத ஒன்றைச் சொல்வார்.

"கொஞ்சம் முன்னால போய் நில்லுங்க முதலாளி."

லாரி முதலாளி புளியமரத்தடியில் நிற்கவேண்டும். அவருக்கு வெகு தூரம் முன்னாலேயே சுண்ணாம்புக்கோடு. எதிரிலிருந்து அவருடைய டிரைவர் அவருடைய லாரியை ஓட்டிவந்து கோட்டில் நிறுத்தவேண்டும். அவ்வளவுதான். ஆனால் அந்த நேரம் பார்த்து ஒரு முதலாளிக்கு முழங்கால் பிடித்துக்கொள்ளும். இன்னொருவருக்கு அஷ்டமி ஞாபகம் வரும். ஒருவர், "நம்ம கணக்குப்பிள்ளை நிக்கட்டுமே, அவருக்கும் வயசாச்சு" என்றாராம்.

ஊர் சிரித்தது. ரங்கநாயகிக்குத்தான் சிரிப்பு வரவில்லை. மகள் வள்ளிக்கண்ணுவுக்கு வந்த இரண்டு வரன்கள் இதனால் தட்டிப்போயிருந்தன. அதில் ஒரு மாப்பிள்ளையின் தாய்மாமனும் அந்தப் புளியமரத்தடியில் நின்ற லாரி முதலாளிதான். அவர், "லாரியை ஏத்திக் கொல்லப் பாத்த வீட்டுலயா பொண்ணு எடுக்கறது?" என்று எழுந்து போய்விட்டார்.

மூன்றாவதாக வந்தது உப்பிலியபுரத்துப் பிச்சமுத்துவின் மகன். பிச்சமுத்துவுக்கு மூன்று லாரிகள். காந்தி மார்க்கெட்டுக்கு வெங்காயமும் நிலக்கடலையும் ஏற்றி வருபவர். மலைக்கோட்டை ஜவுளிக்கடையில் வைத்துப் பெண் பார்த்தார்கள். எல்லா வரனையும் குறை சொல்லும் வள்ளிக்கண்ணு, வீட்டுக்கு வந்ததும் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "ஏம்மா, அந்த ஊர்ல கிணத்துத் தண்ணியா, வாய்க்கால் தண்ணியா?"

ரங்கநாயகிக்கு அது போதும். தட்டு மாற்ற நாள் பார்க்கலாம் என்றிருந்தபோதுதான் பிச்சமுத்துவின் லாரி ஒன்று எஃப்.சி.க்கு வருவதாகத் தெரிந்தது.

"ஏங்க, என்னமும் பாருங்க. அடியில படுத்து உருளுங்க. அவரைப் போயி நில்லுன்னு மட்டும் சொல்லாதீங்க."

"சொல்லலை."

"என் தலையில அடிச்சுச் சொல்லுங்க."

"நான்தான் சொல்லலைங்கறேனே, ரங்கு."

அவளுக்கு நம்பிக்கையில்லை. அன்றைக்குச் சாப்பாட்டைத் தானே எடுத்துக்கொண்டு, இதுவரை கால் வைக்காத அந்த மைதானத்துக்கு பஸ் ஏறிப் போனாள். காவல் காக்கத்தான் போனாள்.

தர்மராஜ் அப்போதுதான் லாரியடியிலிருந்து எழுந்து முதுகைத் தட்டிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் முறைத்தார். பேச்சைக் காப்பாற்றி, "சரி, வண்டியை ஓட்டிக் காட்டச் சொல்லுங்க" என்று மட்டும் பிச்சமுத்துவிடம் சொன்னார்.

பிச்சமுத்து ரங்கநாயகியைப் பார்த்துவிட்டார். "வாங்கம்மா, வாங்க!" என்று முகமெல்லாம் பல்லாக, தோள்துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். "ஊர்ல எல்லாரையும் நிக்க வைக்கிறாரு. சம்பந்திங்கறதால என்னைய விட்டா நல்லாவா இருக்கும்? தங்கச்சி பாக்கட்டும். நானே நிக்கறேன்!"

"வேண்டாங்க அண்ணே" என்றாள் ரங்கநாயகி பதறி.

அவர் கேட்டால்தானே? நேராகப் போய்ப் புளியமரத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "செபஸ்தியான், எடுய்யா வண்டியை!"

வண்டி நகரவில்லை. டிரைவர் செபஸ்தியான் ஸ்டீரிங்கைப் பிடித்தான், விட்டான். கைலியில் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி பிடித்தான். பிறகு கதவைத் திறந்து கீழே இறங்கிவிட்டான்.

"என்னால முடியாதுங்க."

"என்னய்யா முடியாது? தினம் ஓட்டறதானே?"

"தினம் நீங்க முன்னால நிக்கறதில்லீங்களே முதலாளி. பிரேக்கு ரெண்டு மிதி மிதிச்சாத்தான் பிடிக்குது. நானும் எத்தனையோ தடவை சொல்லிட்டேன். வெங்காய சீசன் முடியட்டும்னீங்க."

பிச்சமுத்து கட்டியிருந்த கையை எடுத்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு யாரையும் பார்க்காமல் நடந்து போனார். தர்மராஜ் லாரிக்கு எஃப்.சி. தரவில்லை. கொண்டுவந்த சாப்பாட்டை யாரும் தொடவில்லை.

"நிக்கறவரை நான் பாக்கறதே இல்லை, ரங்கு. வண்டியைப் பத்தி டிரைவருக்குத் தெரியாதது கிடையாது. அவன் வாயால சொன்னா வேலை போயிரும். அதான் முதலாளியை முன்னால நிறுத்திட்டு அவன் மூஞ்சியைப் பாப்பேன்" என்றார் அவர், அவளை பஸ் ஏற்றிவிடச் சைக்கிளோடு காத்திருந்தபோது.

வீட்டுக்கு வந்து அவள் வள்ளிக்கண்ணுவிடம் இதைச் சொல்லவில்லை. ஆனால் சட்டையை வழக்கம்போல மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தாள்.

அந்த வாரமே பிச்சமுத்து வீடு தேடி வந்தார். முறித்துக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தபடியே ரங்கநாயகி காபி ஆற்றிக் கொடுத்தாள். அவர் டம்ளரை வாங்கிக் கீழே வைத்தார்.

"தங்கச்சி, என் மவனும் அந்த வண்டியிலதான் லோடு கூடப் போறான். பிரேக்கு சரியில்லாதது அவனுக்கும் தெரியுமாம். 'உங்ககிட்ட யாருப்பா பேசறது'ங்கறான்." தர்மராஜ் பக்கம் திரும்பினார். "அந்த வண்டி பட்டறையில கிடக்கு. மத்த ரெண்டையும் பாத்துருங்க சம்பந்தி. மூணும் தேறின பொறவு பொண்ணு குடுத்தாப் போதும்."

மூன்று லாரிகளும் வந்த நாளில் ரங்கநாயகியும் போயிருந்தாள். இந்தத் தடவை யாரும் கேட்கவில்லை. பிச்சமுத்து தானாகவே மரத்தடிக்குப் போனார். தர்மராஜ் வேறெங்கோ பார்ப்பவர்போல நின்றார். ரங்கநாயகிதான் செபஸ்தியானின் முகத்தைப் பார்த்தாள். அவன் பீடியைக் காதில் செருகிக்கொண்டு, முதலாளியைப் பார்த்து ஹாரன் ஒன்று கொடுத்துவிட்டு, அலட்சியமாக வண்டியை எடுத்தான். கோட்டுக்கு ஒரு முழம் முன்னாலேயே நின்றது.

தை மாதம் கல்யாணம். பிச்சமுத்து வீட்டார் மூன்று லாரியில் வந்து இறங்கினார்கள். தர்மராஜ் பட்டுவேட்டியோடு சக்கரத்தருகே குனிந்தபோது ரங்கநாயகி பின்னாலிருந்து துண்டைப் பிடித்து இழுத்தாள்.

இப்போது தர்மராஜ் இல்லை. ரோட்டைத் தாண்டும்போது எல்லாரும் லாரி எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று பார்ப்பார்கள். ரங்கநாயகி மட்டும் ஓட்டுகிறவன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் காலை எடுத்துவைப்பாள்.