மணிக்கு ஐந்து நிமிடம்

எனக்கு யாரையும் லேசில் நம்ப வராது. தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவனுக்கு அந்த வியாதி தராசடியிலேயே தொற்றிவிடும். அம்மா பறித்து வந்த கொழுந்தை நிறுக்கும்போது சாக்குக்கு இரண்டு கிலோ, ஈரத்துக்கு ஒரு கிலோ என்று கணக்கப்பிள்ளை கழிப்பார். வெயில் கொளுத்துகிற நாளிலும் ஈரம் கழியும். அம்மா தராசு முள்ளையே முறைத்துக்கொண்டு நிற்பாள். வாய் திறக்க மாட்டாள்.

அவளுடைய ஈ.பி.எப். காசில்தான் இரண்டாயிரங்களின் நடுவில் ஹட்டன் பஜாரில் ஆறு கம்ப்யூட்டர் போட்டு கேம் கடை திறந்தேன். கூட்டு சேர்ந்தவர் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த கணித ஆசிரியர். எனக்கு அவர் 'சேர்'.

"சொந்தமா ஒரு சர்வர் வைப்பம் தம்பி" என்றார். "தலவாக்கலைக் கடையள்ல இருந்தும் பெடியள் எங்கட சர்வருக்கு வந்து விளையாடுவாங்கள். ஆக்கள் பழகின பிறகு அந்தக் கடையளிட்ட மாதக் கட்டணம் வாங்கலாம்."

சர்வர் வந்தது. திரைகூட இல்லாத கறுப்புப் பெட்டி. கடையைப் பூட்டினாலும் அதை அணைக்கக் கூடாதாம். முதல் மாதக் கரண்ட் பில்லையும் இன்டர்நெட் லைன் பில்லையும் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது.

"பூட்டுன கடையில இது என்னா சேர் இந்தத் தீனி திங்குது?"

"வெளியில இருந்து ஆக்கள் வருவினம் தம்பி. ஒருக்கா அணைச்சால் பிறகு வரமாட்டினம்."

வருகிறவர் ஒருவரையும் என் கண்ணால் காணோம். மனிதர் என் தலையில் மிளகாய் அரைக்கிறார் என்று முடிவுகட்டிவிட்டேன். அவர் பெட்டியைத் தொட்டால் பின்னால் போய் நின்று பார்ப்பேன். ஒரு மண்ணும் புரியாது.

நட்டத்தை எங்கேயாவது பிடிக்க வேண்டுமே! ஒரு மணி நேரத்துக்குக் காசு கொடுத்து உட்காருகிறவர்களை ஐம்பத்தைந்தாவது நிமிடத்தில் எழுப்ப ஆரம்பித்தேன். ஐந்து நிமிடம் சர்வர் செலவுக்கு. தோட்டத்துப் பையன்கள் விளையாட்டு வெறியில் கடிகாரமா பார்ப்பார்கள்? ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஆனால் கூட்டம் குறைந்தது. இரண்டு மாதத்தில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். சேர்தான் கமுக்கமாக ஆட்களை வேறு கடைக்குத் திருப்புகிறார் என்று ஒரு ஞாயிறு மத்தியானம் சண்டைக்கே நின்றுவிட்டேன். அந்த நேரம் பார்த்து அம்மா சோற்றுப் பொதியோடு உள்ளே வந்தாள்.

சேர் கோபப்படவில்லை. பெட்டியில் ஒரு திரையைப் பொருத்தி என்னைக் கூப்பிட்டார். யார் எப்போது வந்தார், எத்தனை நிமிடம் விளையாடினார் என்று வரிவரியாக எழுதியிருந்தது. நான் நம்பாத தலவாக்கலை ஆட்கள் அதில் இருந்தார்கள், முழு அறுபது நிமிடத்தோடு. எங்கள் கடை ஆட்களுக்கு நேரே மட்டும் ஐம்பத்தைந்து, ஐம்பத்தைந்து, ஐம்பத்தைந்து.

"எங்கட பெடியள் இப்ப பஸ் ஏறித் தலவாக்கலையில போய் இருந்து இதே சர்வரிலதான் விளையாடுறாங்கள். ஏன் எண்டு உமக்குத் தெரியுமே தம்பி?"

"அது வந்துங்க சேர்... செலவுக்குன்னு மணிக்கு அஞ்சு நிமிசம் கழிச்சேன்."

அம்மா பொதியை மேசையில் வைத்தாள். திரையிலிருந்த எண்களைக் கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டு நின்றாள். இந்த முறை வாய் திறந்தாள்.

"சாக்குக்குக் கழிச்சியா, ஈரத்துக்கா?"