சுஷிக் கடையில் நான் போட்ட சண்டை

போன வருஷம் ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நடந்தது இது. திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டுப் பக்கம், வெளிநாட்டுக்காரர்கள் அதிகமாகத் தங்குகிற இடத்தில் ஒரு சுஷிக் கடை இருக்கிறது. சுஷி என்றால் ஜப்பான்காரர்கள் சாப்பாடு. கடல்பாசித் தாளில் சோற்றைப் பரப்பி, நடுவில் மீனோ வெள்ளரிக்காயோ வைத்துப் பாய் மாதிரி சுருட்டி, வில்லை வில்லையாக வெட்டித் தருவார்கள். கடைக்காரம்மா யூதர். மலையைப் பார்க்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். இருபது வருஷத்துக்கும் மேலாக, தங்கள் மதத்தின் சாப்பாட்டு விதிப்படி அந்தக் கடையை நடத்துகிறார். அந்த விதிக்குக் கோஷர் என்று பெயராம்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், கேட்டரிங் படித்த என் மகள் மூன்று வருஷமாக அங்கேதான் சமைக்கிறாள். வேலை என்றால் அவளுக்கு உயிர். கடல்பாசித் தாளை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பூச்சி இருக்கிறதா என்று பார்க்கணும் என்பாள். அந்தப் பழக்கம் முற்றிப்போய், வீட்டில் முருங்கைக் கீரையைக்கூட ட்யூப்லைட்டுக்குக் கீழே நின்று ஆராய்ச்சி செய்வாள். கடையில் அடுப்பை மட்டும் அந்தம்மாதான் பற்ற வைக்கணுமாம், அதுவும் விதியாம். அதைக் கேட்டபோதே எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அடுத்த மாதத்திலிருந்து சமையலறைப் பொறுப்பு முழுக்க இவளிடம் வரப்போகிறது என்றதும் வாயை மூடிக்கொண்டேன். அந்தச் சந்தோஷத்தில்தான் என்னை அன்றைக்குச் சாப்பிடக் கூப்பிட்டாள்.

நான் அடி அண்ணாமலைக்காரி. அரசுப் பள்ளியில் சத்துணவு சமைக்கிறேன். யார் வீட்டுக்குப் போனாலும் வெறுங்கையோடு போய்ப் பழக்கமில்லை. அதிலும் பச்சை மீன் வைத்த சோறு என்கிறார்களே, அதற்குத் தொட்டுக்கொள்ள ஏதாவது வேண்டாமா? காலையிலேயே எறா வாங்கி, சின்ன வெங்காயம் போட்டுத் தொக்கு செய்து, எவர்சில்வர் டப்பாவில் எடுத்துக்கொண்டேன். மீன் சாப்பிடுகிற இடத்தில் எறாவுக்கு என்ன குறை என்றுதான் நினைத்தேன். மகளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, அவளுக்கும் இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டுமே என்று.

கடை நிறைய ஆட்கள். மகள் என்னை ஒரு மேஜையில் உட்கார வைத்து, முன்னால் ஒரு நீலப் பீங்கான் தட்டை வைத்துவிட்டு உள்ளே போனாள். சாப்பாடு வருவதற்குள் டப்பாவைத் திறந்து, கையாலேயே கொஞ்சம் தொக்கை எடுத்துத் தட்டில் வைத்தேன். மணம் கடை முழுக்கப் போயிற்று. வெந்தயம் கொஞ்சம் தூக்கலோ என்று விரலை நக்கிப் பார்த்தேன்.

எங்கிருந்து வந்தார் என்றே தெரியவில்லை, அந்தம்மா ஓடி வந்தார். டப்பாவைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். ஒரு பேப்பரை வைத்துத் தட்டைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய், தொக்கோடு குப்பைக் கூடையில் போட்டார். திரும்பி வந்து, நான் கை வைத்திருந்த மேஜையை அழுந்தத் துடைத்தார்.

எட்டு வயதில் நடந்த ஒன்று சட்டென்று கண் முன்னால் வந்தது. அம்மா களை எடுக்கப் போகிற நிலத்துக்காரர் வீட்டில் எங்களுக்கென்று ஓர் அலுமினிய டம்ளர் இருந்தது. அதை மாட்டுக் கொட்டகைக் கூரையில் செருகி வைத்திருப்பார்கள். நாங்களே எடுத்து, குடித்து, கழுவி, அங்கேயே செருகிவிட்டு வரணும். ஒருநாள் தாகத்தில் அவர்கள் வீட்டுச் சொம்பை எடுத்துக் குடித்துவிட்டேன். என் கண் முன்னாலேயே அந்தச் சொம்பைக் குப்பைமேட்டில் வீசினார்கள். அம்மா என்னைத்தான் அடித்தாள்.

நாற்பத்தைந்து வருஷம் கழித்து அதே மாதிரி ஒரு தட்டு குப்பைக்குப் போகிறது. எனக்கோ சாதாரணமாகவே முன்கோபம். வாய் முந்திக்கொள்ளும், புத்தி மெல்ல வந்து சேரும்.

"என் கை பட்ட தட்டு உங்களுக்கு ஆவாதா? அப்ப என் பொண்ணு கையால மட்டும் ஆக்கிப் போடச் சொல்லித் துன்றீங்களே, அது எப்படி ஆவுது?" என்று கத்தினேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மகள் ஈரக் கையோடு ஓடி வந்தாள். "அம்மா, நீ நெனக்கிற மாதிரி இல்லம்மா, கொஞ்சம் உக்காரு" என்று கெஞ்சினாள். "மொதல்ல அந்த ஏப்ரனக் கழட்டுடி. நாளையிலேர்ந்து நீ இங்க வரக்கூடாது" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் அழுதாளே தவிர, நகரவில்லை. "நான் வரல" என்றாள். என் மகள் என்னை எதிர்த்து அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. டப்பாவைத் தூக்கிக்கொண்டு தனியாக வெளியே வந்துவிட்டேன்.

ஷேர் ஆட்டோவுக்காக எதிர்ப்பக்கப் புங்கமரத்தடி சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அந்தம்மா ரோட்டைத் தாண்டி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"நீங்க கை வெச்சதால இல்லம்மா, எறா பட்டதால" என்றார். இருபது வருஷத்துத் தமிழ், நம் ஊர்த் தமிழாகவே இருந்தது. "எங்களுக்குச் செதில் இருக்கற மீன்தான் ஆவும். எறா, நண்டு ஆவாது. பீங்கான்ல பட்டா கழுவினாலும் போவாது. என் கூடப் பொறந்த தம்பி வந்தப்ப நண்டு வாங்கியாந்து இங்க பிரிச்சான். அவன் தட்டும் குப்பைக்குத்தான் போச்சு."

அந்தத் தம்பி கதையில்தான் என் கோபம் அடங்கியது. கூடவே அழுகை வந்துவிட்டது. டம்ளர், சொம்பு, அம்மா அடித்தது எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். பெற்ற மகளிடம்கூட அதுவரை சொன்னதில்லை. அவர் இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார். பிறகு, "உங்ககிட்ட சொல்லிட்டுத் தட்ட எடுத்திருக்கணும். கூட்டத்துல அவசரப்பட்டுட்டேன். தப்பு என்னுது" என்று என் வலது கையைப் பிடித்தார்.

நான் கையை இழுத்துக்கொண்டேன். "எறா ஒட்டியிருக்குதும்மா" என்றேன்.

"கழுவினா போயிடும். தட்டுக்குத்தான் அந்தச் சட்டம், மனுஷங்களுக்குக் கெடயாது" என்று மறுபடி பிடித்துக்கொண்டார். டப்பாவை மரத்தடியில் பூ விற்கிற அக்காவிடம் கொடுத்துவிட்டு அவரோடு போனேன்.

உள்ளே, சாப்பிடுமுன் கை கழுவ அவர்கள் வைத்திருக்கிற இரண்டு கைப்பிடிச் சொம்பில் தண்ணீர் மொண்டு, அவரே என் கையில் ஊற்றினார். கடையில் இருந்தவர்கள் முன்னாலேயே அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். கத்தும்போது எல்லார் முன்னாலும்தானே கத்தினேன். மகள் கண் வீங்கி, சமையலறை வாசலில் நின்றிருந்தாள். அவளே ஒரு தட்டு நிறைய சுஷி கொண்டுவந்தாள், எனக்காக வேகவைத்த மீன் வைத்தது. ஒரே தட்டு. சுஷியை எடுத்துச் சாப்பிடத் தருகிற குச்சிகளை ஒதுக்கிவிட்டு, அந்தம்மாவும் நானும் கையாலேயே அதிலிருந்து எடுத்துச் சாப்பிட்டோம். சோறு லேசாகப் புளித்தது. உண்மையைச் சொன்னால் தொட்டுக்கொள்ள ஒன்றும் தேவைப்படவில்லை.

சொன்னபடி அடுத்த மாதமே மகளிடம் பொறுப்பு வந்தது. என்னோடு அவள் பழையபடி பேச இரண்டு நாள் ஆயிற்று. அவளிடமும் அந்தச் சொம்புக் கதையைச் சொன்னேன். "அன்னிக்கு அவங்கள நீ ஒண்ணும் கேக்கலியாம்மா?" என்றாள். எட்டு வயதில் என்னத்தைக் கேட்பது? அந்த வீட்டில் கேட்க முடியாமல் போன கேள்வியை, நாற்பத்தைந்து வருஷம் கழித்து, கொஞ்சமும் சம்பந்தமில்லாத ஒருத்தரிடம் போய்க் கேட்டுவிட்டேன். அதற்கு என் கையைப் பிடித்துப் பதில் சொன்னவரும் அவர்தான் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கண் நிறைந்துவிடுகிறது.