சீமைக்குப் புறப்பட்ட கோதண்டம்

வடக்குப்பட்டு கோதண்டம் தம் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை சீமைக்குப் புறப்பட்டார். 1991 ஐப்பசியில் அது நடந்தது. ஊரே வழியனுப்பத் தயாராகிவிட்டது. யாரோ ஸ்வெட்டர்கூடக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள்.

அதுவரை அவர் போன தூரமெல்லாம் பட்டணத்துக் கொத்தவால் சாவடிக் காய்கறிச் சந்தைதான். கத்தரிக்காய் மூட்டைகளோடு லாரியில் ஏறுவார், பட்டணத்து இட்லியைத் தின்றுவிட்டுத் திரும்புவார். எட்டாவது வரை படித்தவர். ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நிலம், எருமைகள், மனைவி சின்னப்பொண்ணு, ஒரே மகள் கங்கா. ஆனால் சுற்று வட்டாரத்தில் ஒரு சம்பந்தம் பேச வேண்டுமென்றால் அவர் இல்லாமல் யாரும் வண்டி ஏற மாட்டார்கள். மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனால் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து பஜ்ஜி சாப்பிடும்போது அவர் மட்டும் கொல்லைப்பக்கம் போவார். மாட்டுக் கொட்டகை எப்படி இருக்கிறது, கிணற்றில் தண்ணீர் எங்கே நிற்கிறது, வேலைக்காரி முகத்தில் சிரிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்துதான் காபியைக் கையில் எடுப்பார். முறை தவறுகிற வீட்டில் கை நனைக்க மாட்டார்.

கங்கா தண்டலம் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் விரிவுரையாளர். இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றும் அவளுடைய கல்லூரியும் சேர்ந்து வேலை செய்யலாமா என்று பார்க்க ஒரு சிறு நிதி கிடைத்திருந்தது. குறுகிய காலத்துக்கானது, அந்த வருடம் முடிவதற்குள் பயன்படுத்தியாக வேண்டும். போய்வர முதல்வர் கங்காவின் பெயரைச் சொல்லியிருந்தார். அதை அவள் அப்பாவுக்குப் புரிகிற மாதிரி விளக்கினாள்.

"பொண்ணு பாக்கற மாதிரிதான் நைனா. இன்னும் நிச்சயம்லாம் ஆவல. இங்கேர்ந்து ஒருத்தர் போயி நாலு வாரம் அங்க இருந்து பாக்கணும். அப்பால அவங்க ஒருத்தர் இங்க வருவாங்க. ரெண்டு பக்கமும் புடிச்சா பெரிய ஒப்பந்தம் போடுவாங்க."

கோதண்டம் யோசித்தார். "வூடு பாக்க பொண்ணா போவும்? பெரியவங்க இல்ல போவணும்" என்றார். பேச்சு அதோடு முடிந்தது.

கல்யாணமாகாத பெண்ணைக் கடல் தாண்டித் தனியாக அனுப்ப மனசில்லை என்பதுதான் உள்விஷயம். அதை அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. ஆனால் கல்லூரி அவள் பெயரை ஏற்கெனவே இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டிருந்தது. வீட்டு விலாசத்தோடு. அது சின்னப்பொண்ணுக்கு மட்டும் தெரியும்.

ஒரு வியாழக்கிழமை, இங்கிலாந்து ராணி படம் போட்ட தபால்தலையோடு உறை வந்தது. மேலே ஜி. கோதண்டம் என்று தட்டச்சு செய்திருந்தது. அவருடைய அப்பா பெயர் கோவிந்தன். ஜி. கோதண்டம் என்றால் ஊரில் அவர் ஒருவர்தான். தபால்காரர் தயங்காமல் அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். கம்பெனியில் செகண்ட் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த தங்கச்சி மகன் டில்லிபாபு டீக்கடையில் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தான். திரு. கோதண்டம் அவர்களை எங்கள் பல்கலைக்கழகத்தைப் பார்வையிட நான்கு வாரம் அழைக்கிறோம். பயணத்தை வெள்ளிக்கிழமைக்குள் தொலைபேசியில் உறுதி செய்யவும். தவறினால் நிதி வேறு கல்லூரிக்குப் போய்விடும்.

"மாமா, உன்னத்தான் கூப்புட்டுக்கிறான். நான் ஷிப்டுக்குப் போவல போ" என்று அவன் சைக்கிளை ஓரமாகச் சாய்த்துவிட்டான்.

கோதண்டம் அதிர்ச்சியடையவே இல்லை. துண்டை உதறித் தோளில் போட்டார். "முறை தெரிஞ்ச மனுசங்கடா. வூடு பாக்க ஆரக் கூப்புடணும்னு வெள்ளக்காரனுக்கும் தெரிஞ்சிக்கீது பாரு" என்றார்.

மாலை கங்கா பஸ் இறங்கி வந்தபோது வீட்டு வாசலில் திருவிழாக் கூட்டம். எதிர்வீட்டு யாக்கோபு தன் அண்ணன் மிலிட்டரியில் போட்ட ஸ்வெட்டரைக் கொடுத்திருந்தார். அதை மாட்டிக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்திருந்தார் கோதண்டம். விமானத்தில் வெற்றிலை போடலாமா என்று ஒரு வாதம். வெறும் கையோடு போகக் கூடாது, கத்தரிக்காய் தாங்குமா என்று இன்னொரு வாதம்.

கங்கா கடிதத்தைப் படித்தாள். முதலில் சிரித்தாள். பிறகு முகம் மாறிவிட்டது. நம்மூரில் குடும்பப் பெயர் ஏது? படிவத்தில் அந்த இடத்தில் அப்பா பெயரை எழுதியிருந்தாள், பாஸ்போர்ட்டிலும் அப்படித்தான். கங்கா என்பது ஜி ஆகிவிட்டது. எலக்ட்ரானிக்ஸ் என்றதும் ஆண்பிள்ளை என்று அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். கூட்டம் கலைந்த பிறகு அதை மெதுவாகச் சொன்னாள்.

கோதண்டம் ஸ்வெட்டரைக் கழற்றி மடித்து வைத்தார். சின்னப்பொண்ணு வாயை மூடிக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்தாள். அவர் நிமிர்ந்து மகளைப் பார்த்தார்.

"நீ போயி அங்க இன்னா பாப்ப?"

அவள் ஆரம்பித்தாள், நிறுத்த முடியவில்லை. முன்னறையில் கண்ணாடிக்குள் வைத்திருக்கும் மெஷினைப் பார்க்க மாட்டேன் என்றாள். பின்பக்கம் போய், உடைந்ததை அவர்களே எப்படிச் சரிசெய்கிறார்கள் என்று பார்ப்பேன். இங்கே ஒரு கருவியைச் சுற்றி இருபது பிள்ளைகள் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். அங்கே பிள்ளைகள் கையில் கொடுக்கிறார்களா, கெட்டுப்போனால் திட்டுகிறார்களா, லேப் உதவியாளர் வாத்தியாரைக் கண்டால் பயப்படுகிறாரா, அதையெல்லாம் பார்க்க வேண்டும். பார்த்தால்தான் இந்தச் சம்பந்தம் ஒத்துவருமா வராதா என்று சொல்ல முடியும். அவள் கைகள் காற்றில் சர்க்யூட் வரைந்துகொண்டிருந்தன.

கோதண்டத்துக்குப் பாதி புரியவில்லை. ஆனால் கொல்லைப்பக்கம் போகிறவளை அவருக்கு நன்றாகப் புரிந்தது. எழுந்து எருமைக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். அவர் சரி என்றாரா இல்லை என்றாரா என்று தாய்க்கும் மகளுக்கும் விளங்கவில்லை.

மறுநாள் மத்தியானம் அவள் போன் பண்ணக் கிளம்பும்போது சலவைச் சட்டையோடு வாசலில் நின்றார். நானும் வருகிறேன் என்றார். டீக்கடையைத் தாண்டும்போது டில்லிபாபு, "இன்னா மாமா, பிளைட்டு கேன்சலாமே?" என்று வம்பிழுத்தான். விஷயம் அதற்குள் பரவியிருந்தது.

கோதண்டம் நின்றார். "வூடு பாக்கப் போறவன் இன்னா பாக்கணும்னு தெரிஞ்சிருக்கணும்டா. எனக்கு மாடு பாக்கத் தெரியும், கெணறு பாக்கத் தெரியும். இதப் பாக்கத் தெரிஞ்சவ எங்க வூட்ல ஒருத்திதான்" என்று சொல்லிவிட்டு நடந்தார். கங்கா அவருக்குப் பின்னால் கிட்டத்தட்ட ஓடினாள்.

ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்தருகே கண்ணாடிக் கதவு போட்ட ஐஎஸ்டி பூத். இங்கிலாந்தில் அலுவலகம் திறக்கும் நேரம் பார்த்து எண்களைச் சுழற்றினாள். லைன் பலமுறை அறுந்து, கடைசியில் கடல் இரைச்சலுக்கு நடுவில் ஒரு குரல் கேட்டது. கங்கா தன் கல்லூரிப் பெயரைச் சொன்னதும், மிஸ்டர் கோதண்டம் இருக்கிறாரா என்றது. அவள் பதில் சொல்வதற்குள் ரிசீவர் கோதண்டத்தின் கையில் இருந்தது.

"கோதண்டம் நோ. கங்கா. மை டாட்டர். கங்கா கம்மிங்" என்று ஏரிக்கு அக்கரையில் இருப்பவனைக் கூப்பிடுவதுபோல் கத்தினார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

 மறுமுனையில் ஒரு பெரிய சிரிப்பு, கங்கா என்று சரியாகவே சொல்லிப் பார்க்கும் குரல். கங்கா ரிசீவரை வாங்கி எழுத்து எழுத்தாகப் பெயரைச் சொன்னாள். அவர்கள் குறித்துக்கொண்டார்கள். டிக்கெட் அடுத்த வாரமே வருமாம்.

ரிசீவரை வைக்கப் போனவளைக் கோதண்டம் தடுத்தார். மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"சாப்ட்டாங்களானு கேளு. மொத மொதல்ல பேசறோம், கேக்காம வெச்சா இன்னா நெனப்பாங்க?"

கங்கா கேட்டாள்.