எங்கள் முதல் கேசட்டில் அம்மா

எங்கள் குழுவின் முதல் கேசட்டைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் எனக்கு முதலில் அழுகிய முட்டை நாற்றம்தான் வரும். தர்மபுரியில் ஒரு முட்டை மண்டிக்கு மேல்மாடியில் இருந்தது அந்த ரெக்கார்டிங் சென்டர். சத்தம் எதிரொலிக்கக் கூடாதென்று சுவர் முழுக்கக் காலி முட்டை அட்டைகளை ஒட்டி வைத்திருந்தார்கள். கழுவித் துடைத்தா ஒட்டுவார்கள்? உடைந்த மஞ்சள் கரு காய்ந்து, அதில் எறும்பு ஊர்ந்தது. காற்றாடிச் சத்தம் மைக்கில் விழும் என்று அதையும் நிறுத்திவிட்டார்கள். மூன்று பேர் வேர்வையும் அந்த நாற்றமும் சேர்ந்து குமட்டியது. ஆனாலும் அன்றைக்கு அங்கே இருந்தவற்றில் மிகவும் அருவருப்பானது முட்டை அல்ல, நான்தான்.

எல்லாம் பெங்களூரில் லேத் பட்டறையில் வேலை பார்த்த பெரியப்பா மகனால் வந்தது. அவன் ஒரு கேசட் கொண்டுவந்தான். அமெரிக்காவில் ஹிப் ஹாப் பாடும் ஒரு குழுவின் முதல் ஆல்பம். நகலுக்கு நகல் எடுத்தது. ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவில் கன்னடச் செய்தி கேட்கும். அவர்கள் பாடவில்லை, தாளத்துக்குப் பேசினார்கள். மாதா கோயில் பாட்டுக் குழுவிலிருந்து இரண்டு முறை கழித்துவிடப்பட்டவன் நான். என் குரலுக்கும் உலகத்தில் ஒரு பாட்டு இருக்கிறது என்று தெரிந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதில் ஓர் இடத்தில், யாரோ மேடையில் பேசியதைப் பிடித்து, வெட்டி, திரும்பத் திரும்பப் போட்டிருந்தார்கள். "பாத்தியா, எவன் பேச்ச வேணா எடுத்துப் போட்டுக்கறானுங்க. நம்மூர்ல பேசறவங்களுக்கா பஞ்சம்?" என்றான் அண்ணன். பேண்ட் செட்டில் டிரம் அடிக்கும் நண்பன் ஒருவனையும் சேர்த்துக்கொண்டோம். பேச்சுதான் பாக்கி.

கடத்தூர் பக்கத்தில் எங்கள் ஊரில் தெருவுக்கு ஒரே குழாய். நாலு நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் வரும். அம்மாவுக்கு வாய் பெரிது. அவள் குழாயடியில் திட்ட ஆரம்பித்தால் எதுகை மோனை தானாக வந்து விழும். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் தொடங்கிய வாரத்தில், அம்மாவின் குடத்தை எதிர்வீட்டு அத்தை நகர்த்திவிட்டாள் என்று சண்டை. நான் அண்ணனின் டேப் ரெக்கார்டரை ஜன்னலில் வைத்து, பதிவு செய்ய இரண்டு பட்டனையும் சேர்த்து அழுத்தினேன்.

"முன்ன வெச்ச கொடம் எங்கடி, மொறையில்லாத மூதேவி" என்று தொடங்கிய அம்மா கடைசியில் சொன்னாள்: "ஒண்ண வளக்க வக்கில்ல, ஒம்போது கொடம் எதுக்குடி?"

எதிர்வீட்டு அத்தைக்குப் பிறந்தது ஒரே குழந்தை. எட்டு மாதத்தில் காய்ச்சலில் போய்விட்டது. அந்தச் சின்னப் பெட்டிக்கு முன்னால் சிலுவை பிடித்து நடந்தவன் நான். இதைச் சொல்லாமல் விட்டால் நான் ஏதோ தெரியாமல் செய்தேன் என்று நினைப்பீர்கள்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. ஈஸ்டருக்கு முன் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்க, பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறவள், முதலில் சண்டைக்காரி வீட்டுக்குப் போய் அவள் கையால் ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடிக்க வேண்டும். குடித்துவிட்டால் பேசிய பேச்சு போச்சு. அதை மறுபடி எடுப்பவள்தான் பாவி. ஈஸ்டருக்கு மூன்று நாள் முன்னால், பெரிய வியாழக்கிழமை காலையில் அம்மா போய் நின்றாள். "வாய் நீண்டுடுச்சிடி. மனசுல வெச்சிக்காத" என்று சொல்லும்போதே அழுதுவிட்டாள். அத்தை சொம்பை நீட்டி, "குடிங்கக்கா" என்றாள். அதற்கப்புறம் இரண்டு பேரும் ஒருவர் குடத்தை இன்னொருவர் தூக்கிவிட்டார்கள்.

நான் போட்ட கணக்கு இதுதான்: தண்ணீர் குடித்தாகிவிட்டது, சமாதானம் ஆகிவிட்டது, இனி அந்தப் பேச்சு யாருக்கும் சொந்தமில்லை, எடுத்துக்கொள்ளலாம். என்ன அறிவு.

ஈஸ்டர் முடிந்த வாரம் முட்டை மண்டிக்கு மேலே போய்ப் பதிவு செய்தோம். நண்பன் டிரம் அடிக்க, நான் டேப் ரெக்கார்டரை மைக் முன்னால் வைத்து அந்த ஒரு வரியை ஓடவிட்டு, நிறுத்தி, பின்னால் சுற்றி, மறுபடி ஓடவிட்டேன். எதுக்குடி. எதுக்குடி. எதுக்குடி. பதிவு செய்தவர் தொப்பை குலுங்கச் சிரித்தார். "யாருங்க அந்தம்மா, இந்தப் பேச்சு பேசுது?" என்று கேட்டார். "சந்தையில யாரோங்க" என்றேன். பெற்றவளை யாரோ என்று சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

மே மாதம் கோயில் திருவிழா. கொடியேற்றத்தன்று அம்மாவும் எதிர்வீட்டு அத்தையும் பந்தலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து விருந்துக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். ரேடியோ செட்காரரிடம் அண்ணன் கேசட்டைக் கொடுத்து, "நம்ம பசங்க போட்டதுங்க" என்றான். நாலு திசைக்கும் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரில் டிரம் கிளம்பியது. அப்புறம் அம்மாவின் குரல்.

ஊரே திரும்பிப் பார்த்தது. பையன்கள் விசில் அடித்தார்கள். நான் சிரித்தேன். முதலில் சிரித்தேன் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். பாட்டு முடிந்ததும் "இன்னொரு வாட்டி" என்று கத்தினார்கள். ரேடியோ செட்காரர் சுற்றி மறுபடியும் போட்டார்.

அத்தை கத்தியைக் கீழே வைத்தாள். கண்ணில் தண்ணீர், வெங்காயமா வேறெதுவா தெரியவில்லை. "எங்கையால தண்ணி வாங்கிக் குடிச்சப்பவே இது உங்க வூட்ல இருந்துச்சாக்கா?" என்று கேட்டாள்.

அம்மா, ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தாள். அப்புறம் அத்தையிடம், "எனக்குத் தெரியாதுடி" என்றாள். உண்மை. ஆனால் மேலே அதே குரல் "எதுக்குடி" என்று கேட்டுக்கொண்டிருக்கும்போது யார் நம்புவார்கள்? அத்தை எழுந்து போய்விட்டாள்.

அன்றைக்கு அம்மா என்னைத் திட்டவில்லை. வழக்கம்போலச் சோறு போட்டாள். நான் என் கேசட்டைப் பிய்த்து நாடாவை அடுப்பில் போட்டேன். வீடெல்லாம் பிளாஸ்டிக் நாற்றம் நாறியதுதான் மிச்சம். நகல்கள் எப்போதோ கிளம்பிவிட்டிருந்தன. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கடத்தூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடை, எங்கே போனாலும் 'எதுக்குடி' பாட்டு. தெரியாத ஆட்கள் என் முதுகில் தட்டி, "அந்தப் பாட்டு நீதானா, தூள் கெளப்பிட்ட" என்றார்கள். தட்டிய இடத்தைச் சோப்புப் போட்டுத் தேய்க்கலாம் போல இருக்கும். பெரியப்பா மகன் இரண்டாவது கேசட் போடலாம் என்றான். அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டேன், ஏதோ அவன் ஒருவன்தான் குற்றவாளி மாதிரி. குழாயடியில் அம்மாவின் குடத்துக்கும் அத்தையின் குடத்துக்கும் நடுவே எப்போதும் நாலு குடம் இருந்தது. அம்மா வரிசையில் வாய் திறப்பதே இல்லை. யார் முந்தினாலும் ஒதுங்கி நின்றாள்.

அடுத்த வருடம் பெரிய வியாழக்கிழமை வந்தது. அம்மாவுக்கு அந்த வீட்டுப் படியேறத் துணிச்சல் வரவில்லை. அத்தைதான் வந்தாள். வாசலிலேயே நின்றாள். அம்மா அவசரமாகச் சொம்பில் தண்ணீர் மொண்டு எடுத்துக்கொண்டு போனாள்.

அத்தை சொம்பை வாங்கவில்லை. "மவன் வூட்ல இருக்கானாக்கா?"

"இருக்கான்."

"அப்ப அவன் இல்லாதப்ப வரேன்."

நான் எழுந்து, இரண்டு பேரையும் பார்க்காமல் நடுவில் புகுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன். பத்தடி போவதற்குள் அத்தை ஏதோ பேசத் தொடங்கியது கேட்டது. உடனே பேச்சு நின்றது. அம்மா ஜன்னலைச் சாத்தினாள்.