பச்சை மூடிக்கு முப்பத்தொரு வினாடி

ஆறு வருடம் பிசியோதெரபி பார்த்த கை அவளுடையது. பக்கவாதத்தில் படுத்தவர்களைக் கெஞ்சியும் கொஞ்சியும் நடக்க வைத்திருக்கிறாள். மறந்துபோன வேலையைக் கை மறுபடி எப்படிக் கற்றுக்கொள்கிறது என்ற கேள்வி மண்டையைக் குடைந்துகொண்டே இருந்ததால், இருபத்தொன்பது வயதில் வேலையை விட்டுவிட்டு நரம்பியலில் ஆராய்ச்சி முதுகலைப் படிப்பில் சேர்ந்தாள். நல்ல சம்பளத்தை விட்டுவிட்டு எலி பிடிக்கப் போகிறாள் என்று அம்மா சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரித்தாள். சிரித்தபடியே மதியச் சாப்பாட்டையும் கட்டிக் கொடுத்தாள்.

வகுப்புகள் குறைவு. ஒரு கேள்வியை எடுத்து, சோதித்து, இரண்டு வருடத்துக்குள் ஆய்வேடாக எழுதித் தரவேண்டும். புது மருந்து ஒன்று நினைவாற்றலைக் கூட்டுமா என்பது அவள் கேள்வி. பச்சை மூடிக் கூண்டு எலிகளுக்கு மருந்து, வெள்ளை மூடி எலிகளுக்கு வெறும் உப்புநீர். ஆள் இல்லாததால் இரண்டு ஊசியையும் அவளே போட்டாள். பிறகு தொட்டியில் நீந்தவிட்டு, தண்ணீருக்கடியில் மறைந்திருக்கும் மேடையை எத்தனை வினாடியில் கண்டுபிடிக்கின்றன என்று வீடியோவில் அளந்தாள். ஊசி போடுவதிலிருந்தே கேமரா ஓடும். பச்சை மூடிக் கூட்டம் பாதி நேரத்தில் மேடையேறிவிட்டது. வழிகாட்டிப் பேராசிரியைக்கு மாணவர்கள் வைத்த பெயர் கத்தரி. எதை எழுதிக் கொடுத்தாலும் பாதியை வெட்டிவிடுவார். அவரே இந்த முடிவை எழுதிய அத்தியாயத்தில் கை வைக்கவில்லை. ஒப்படைக்க இரண்டு மாதம் இருந்தது.

ஒரு ஞாயிறு மதியம் அவள் வீடியோக்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, அழகு நிலையத்தில் வேலை பார்க்கும் தங்கை பக்கத்தில் வந்து படுத்தாள். நாலைந்து பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தாள்.

"பச்சை மூடிக்கு மட்டும் எதுக்குக்கா கழுத்துல மசாஜ்? எங்க கடையில ரெகுலர் கஸ்டமருக்குக்கூட இவ்வளவு செய்ய மாட்டோம்."

"அந்த மருந்து எரியும்டி. கத்துது, பாவம்."

சொல்லி முடித்ததும் அவள் வீடியோவை நிறுத்தினாள். உப்புநீர் எரியாது. அதனால் வெள்ளை மூடிகளைத் தடவிக்கொடுத்ததே இல்லை. ஆதரவாகத் தடவினால் எலிக்குப் பயம் தெளியும், பயம் தெளிந்த எலி சீக்கிரம் வழி கண்டுபிடிக்கும். அப்படியானால் ஜெயித்தது மருந்தா, அவள் கையா?

தங்கை அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, தான் யாரிடமும் மூச்சு விடமாட்டேன் என்றாள். உண்மையில் வேறு யாரும் அந்த வீடியோக்களின் ஆரம்பப் பகுதியைப் பார்க்கப் போவதில்லை. வாயை மூடிக்கொண்டால் பட்டம் கையில். சொன்னால் நாலு மாத உழைப்பு தண்ணீரில் போகும். அம்மாவுக்கு வேறு என்ன பதில் சொல்வது?

அவள் மூன்று நாள் உட்கார்ந்து எல்லா வீடியோக்களிலும் தன் கைகளை மட்டும் அளந்தாள். பிறகு பேராசிரியையின் அறைக்குப் போய் ஒரு தாளை நீட்டினாள்.

"வெள்ளை மூடி எலிக்கு சராசரியா நாலு செகண்ட் தொட்டிருக்கேன் மேடம். பச்சைக்கு முப்பத்தொண்ணு. தெரிஞ்சு செய்யல."

பேராசிரியை தாளை இரண்டு தடவை படித்தார். திட்டுவார் என்று இவள் நின்றாள்.

"உட்காரும்மா. நானும் வந்து பார்த்திருக்கணும்," என்றார் அவர். "மறுபடி செய்வோம். ஊசியை வேற ஆள் போடட்டும். எது மருந்துன்னு அவங்களுக்குத் தெரியக் கூடாது. நீ அந்த ரூமுக்குள்ள வராத."

ஆறு மாதம் அவகாசம் கிடைத்தது. ஊசி நேரத்தில் அவள் அறைக்கு வெளியே நடைபாதையில் நின்றாள். உள்ளே எலி கீச்சிட்டால் கையைக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டாள். புது முடிவில், பாதி நேரம் மிச்சம் என்றிருந்த மருந்தின் பலன் வெறும் மூன்று வினாடியாகச் சுருங்கிவிட்டது.

'முதல் சோதனையில், ஊசிக்குப் பிந்தைய தொடுதல் இரு குழுக்களுக்கும் சமமாக இல்லை. தவறு ஆய்வாளருடையது' என்று ஆய்வேட்டில் எழுதினாள். தங்கை தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள்.

"கொஞ்சிட்டேன்னு எழுதினா மார்க்கைக் குறைச்சிடுவாங்களா?"

அவள் சிரித்துக்கொண்டே அடுத்த வரியைத் தட்டச்சு செய்தாள்.