கம்பில் ஏறாத சேலை

என் வீட்டுக்காரருக்கு நீச்சல் தெரியாது. கல்யாணமாகி மூன்றாம் மாதம்தான் இது எனக்குத் தெரிந்தது. அதற்குள் ஒற்றை ஆள் உட்காரும் பனந்தோணி ஒன்றை வாங்கி வந்துவிட்டார். பெயர் சண்முகசுந்தரம். கோட்டுச்சேரி கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் பிறப்பு இறப்புப் பதிவு எழுதுகிறவர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் உப்பங்கழியில் தோணியை இறக்கி, நாரையும் ஆலாவும் பார்க்கப் போய்விடுவார். "மீன் பிடிச்சாலாவது குழம்பு வைக்கலாம். பறவையைப் பாத்து என்னங்க பண்றது?" என்று கேட்டால் சிரிப்பார். அந்தச் சிரிப்பைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவருடைய பெரிய ஆசை ஓங்கல். கடலில் குதித்துக் குதித்துப் போகுமே, டால்பின், அது. மடவை மீனைத் துரத்திக்கொண்டு எப்போதாவது கழிக்குள்ளும் வரும் என்று மீன்பிடிக்கிற காத்தமுத்து சொல்லிவைத்தார். அன்றிலிருந்து ஆறு வருஷம் காத்திருந்தார். ஒன்றுகூட வரவில்லை.

என் கவலை வேறு. தண்ணீர் வடியத் தொடங்கினால் கழி முழுவதும் முகத்துவாரம் வழியாகக் கடலுக்கு ஓடும். பறவையைப் பார்க்கும்போது இந்த மனுஷனுக்கு அது உறைக்காது. ஒரு தடவை தோணியைப் பாதித் தூரம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. அதன் பிறகு நான் ஒரு கண்டிஷன் போட்டேன். கரையோரத் தண்ணீரில் ஒரு குச்சி நட்டு, அதில் ஒரு கோடு. தண்ணீர் கோட்டுக்குக் கீழே இறங்கியதும் என் சிவப்புச் சேலையை மூங்கில் கம்பில் ஏற்றுவேன். அவர் அடிக்கடி கரையைப் பார்க்க வேண்டும், சிவப்பைக் கண்டால் திரும்பிவிட வேண்டும். ஒரு நாள்கூட அவர் மீறியதில்லை, அதையும் சொல்லவேண்டும். வாரம் முழுக்கச் சமையல், துணி. ஞாயிறு முழுக்க இந்தக் குச்சி.

எழுபத்தொன்பதாம் வருஷம் மாசியில் ஒரு ஞாயிறு. அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தூரத்தில் பூநாரைக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு முன்னால் தண்ணீரில் புஸ் என்று ஒரு சத்தம். கறுத்த முதுகு ஒன்று எழுந்து அமிழ்ந்தது. பின்னாலேயே இன்னொன்று. மொத்தம் ஐந்து, அதில் ஒன்று குட்டி. தாயை ஒட்டிக்கொண்டே மூச்சுவிட எழுந்தது. அவரைக் கூப்பிடக்கூடத் தோன்றவில்லை. வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். எவ்வளவு நேரம் என்று சத்தியமாகத் தெரியாது. அவை முகத்துவாரம் பக்கம் போய் மறைந்த பிறகுதான் குச்சியைப் பார்த்தேன். கோட்டுக்குக் கீழே ஒரு சாண் இறங்கியிருந்தது. சேலை என் மடியிலேயே கிடந்தது.

தோணி முகத்துவாரத்தை நெருங்கிவிட்டது. அவர் துடுப்பை எதிர்த்துப் போட்டும் அது கடல் பக்கமே போயிற்று. சேலையைப் பிடித்துக்கொண்டு கரையோரம் கத்திக்கொண்டே ஓடினேன். என் தாலியை நானே அறுத்துக்கொண்டேன் என்றுதான் நினைத்தேன். தோணி கவிழ்ந்தது. அங்கே வலை கட்ட நட்டிருந்த கம்பு ஒன்றை அவர் கட்டிப்பிடித்துக்கொண்டார். காத்தமுத்து கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு போய் அவரை ஏற்றிக் கொண்டுவந்தார்.

உப்புத்தண்ணீரைக் கக்கிவிட்டு அவர் கேட்டார். "சேலை ஏறலியே அஞ்சுகம். இன்னும் நேரம் இருக்குன்னுல்ல இருந்தேன்."

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "ஓங்கல் வந்துச்சுங்க. பாத்துக்கிட்டே இருந்துட்டேன்."

திட்டட்டும் என்று நின்றேன். அவர் முகத்துத் தண்ணீரை வழித்தார்.

"எத்தன?"

"அஞ்சு. ஒண்ணு குட்டி."

"குட்டியா," என்றார். நான் உட்கார்ந்து அழுதேன்.

தோணி மறுநாள் கரை ஒதுங்கியது. அடுத்த ஞாயிறே இறக்கிவிட்டார். இப்போது எண்பத்தைந்தாம் வருஷம். இடையில் இரண்டு முறை ஓங்கல் வந்தது. தோணியிலிருந்து கையை நீட்டி, "அங்க பாரு அஞ்சுகம்" என்று கத்தினார். அவை மூச்சுவிடுவது எனக்குப் பக்கத்திலேயே கேட்டது. இரண்டு முறையும் நான் திரும்பவில்லை. குச்சியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.