பின்சீட்டிலிருந்து வந்த கேள்வி

கொடைக்கானலில் டாக்சி ஓட்டும் தேவசேனாவுக்கு வாய் சும்மா இருக்காது. ஏரிக்கரையில் வண்டி திரும்பியதுமே தொடங்கிவிடுவாள். கீழே சமவெளியில் பரவிய காய்ச்சலுக்குப் பயந்து வெள்ளைக்காரப் பாதிரிமார்கள் மலையேறி வந்தது, மதுரையில் கலெக்டராக இருந்த வெள்ளைக்காரர் சதுப்பு நிலத்துக்குக் கரை கட்டி ஏரியாக்கியது எல்லாம் சரளமாக வரும்.

ஒருநாள் சுற்றிப் பார்க்க வந்த தஞ்சாவூர்ப் பெண்மணி ரோகிணி, பின்சீட்டிலிருந்து கேட்டார்.

"அவங்க வர்றதுக்கு முன்னாடி இங்க யார் இருந்தாங்க?"

"காடுதாம்மா."

சொன்ன பதில் தேவசேனாவுக்கே பிடிக்கவில்லை. சவாரி முடிந்தும் கேள்வி மண்டையைக் குடைந்தது. தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டுப் பார்த்தாள். பேத்துப்பாறைப் பக்கம் ஆதிகாலத்துக் 'குள்ளர் குகை' இருக்கிறது, போய்ப் பார் என்றார் பூண்டியிலிருந்து பூண்டு கொண்டுவரும் ஒரு வியாபாரி. மறுநாளே வண்டியைக் கிளப்பிவிட்டாள்.

வழிகாட்ட வந்தவர் பெத்தம்மாள். அந்த மலையின் பழங்குடியான பளியர் இனத்தைச் சேர்ந்தவர், காப்பித் தோட்டத்தில் வேலை. குகை என்று பெயர்தான்; பாறைமேல் கற்பலகைகளை நிறுத்தி, மேலே இன்னொன்றைப் போட்டு மூடிய சின்ன அறைகள். தேவசேனா தவழ்ந்து உள்ளே போனாள். சில்லென்றிருந்த கல்லைத் தடவிப் பார்த்தாள். இத்தனை கனத்தை எப்படித் தூக்கியிருப்பார்கள்?

"யாரு கட்டுனதுக்கா இது?"

"யாரு கண்டா? எங்க ஆளுக காலத்துக்கு முந்தியே கெடக்குன்னுதான் சொல்லுவாக. ஆமா, நீங்க எந்த ஊருங்க?"

"கொடைக்கானல்தான். அப்பா சிலோன்ல தேயிலைத் தோட்டத்துல பொறந்தவரு."

"அங்கன போறதுக்கு முந்தி?"

ஊர்க்கதையெல்லாம் சொல்லும் தேவசேனா வண்டியை நேரே வீட்டுக்கு விட்டாள்.

வந்ததும் வராததுமாக, சிலோனுக்குப் போவதற்கு முன் நாம் எந்த ஊர் என்று அப்பா முருகவேலைப் பிடித்துக்கொண்டாள். அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"முசிறிப் பக்கம்னு எங்கப்பா சொல்லுவாரு. ஊரு பேரு கேக்கணும்னு தோணவே இல்லியே புள்ள." பிறகு அவரே கேட்டார். "ஒருக்கா போயிப் பாத்துட்டு வருவமா?"

சீசன் முடிந்ததும் இருவரும் மலையிறங்கினார்கள். முசிறியைச் சுற்றி ஊர் ஊராக டீக்கடைகளில் விசாரித்தார்கள். தங்கள் வீட்டிலிருந்தும் ஒருத்தர் சிலோனுக்குக் கப்பலேறிப் போனார், திரும்பவே இல்லை என்று ஒரு கிராமத்தில் ஒரு குடும்பம் சொன்னது. முருகவேல் சொன்ன முன்னோர் பெயரோடு அவர் பெயர் சரியாகப் பொருந்தவில்லை. ஆனாலும் அவர்கள் இலை போட்டு உட்காரவைத்தார்கள். முருகவேல் சாப்பிட்டுக்கொண்டே அந்த வீட்டு ஆட்களின் மூக்கையும் நெற்றியையும் மாறி மாறிப் பார்த்தார்.

உறவுதானா என்பது இன்றுவரை தெரியாது. பொங்கலன்று மட்டும் அங்கிருந்து தவறாமல் போன் வருகிறது.